நோய் போன பின்னும் போகாத வலி

உலக சுகாதார நிறுவனம் 1986-இல் ஒரு சிறு கையேட்டை வெளியிட்டது. புற்றுநோய் வலியைத் தணிப்பது எப்படி என்று விளக்கிய அந்தக் கையேட்டின் மூன்று படி ஏணி இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. முதல் படியில் பாரசிட்டமால், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள். இரண்டாம் படியில் கோடீன் போன்ற மெல்லிய ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து. மூன்றாம் படியில் மார்பின். வலி அடங்காவிட்டால் அடுத்த படிக்கு ஏற வேண்டும். எப்போது, எப்படி இறங்குவது என்பதற்கு அந்த ஏணியில் அதிக இடமில்லை. அன்று அது பெரிய கேள்வியாகவும் இல்லை. ஏணியை வகுத்தவர்களின் மனத்தில் இருந்த நோயாளிக்கு நோய் முற்றிவிட்டது. அவருக்கு மிஞ்சியிருப்பவை சில மாதங்கள். அப்படிப்பட்டவரிடம் போய் மார்பின் பழகிப்போய்விடும் என்று தயங்குவது கொடுமை.

இன்று அந்த நோயாளியின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அறுவை சிகிச்சை முடிந்தது, கீமோ முடிந்தது, நம் ஊரில் 'கரண்ட் வைத்தார்கள்' என்று சொல்கிற கதிர்வீச்சும் முடிந்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் வாழப்போகிறவர் அவர். அமெரிக்காவில் மட்டும் புற்றுநோய் கண்டு உயிரோடிருப்பவர்கள் 1.8 கோடிக்கு மேல். அந்நாட்டின் தேசிய நலவாழ்வு நேர்காணல் கணக்கெடுப்பின் 2016, 2017 தரவுகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு, இவர்களில் 34.6 சதவீதம் பேருக்கு நாட்பட்ட வலி இருப்பதாகக் காட்டியது. வேலையையும் அன்றாட வாழ்வையும் முடக்கும் அளவு வலி உள்ளவர்கள் 16.1 சதவீதம். பொதுவான வயதுவந்தோரிடம் இந்த இரண்டு எண்களும் சுமார் 20, 8 என்ற அளவில் இருந்தன.

இந்த வலி ஒரே வலியல்ல. மார்பகத்தை அகற்றும்போது அக்குள் பகுதியில் வெட்டுப்படும் அல்லது இழுபடும் நரம்பினால் கையின் உள்பக்கம் எரியும். சட்டைத் துணி உரசினாலே தாங்காது. நுரையீரல் அறுவைக்காக விலா எலும்புகளை விலக்கியவர்களுக்கு அந்தத் தழும்பை ஒட்டி ஆண்டுக்கணக்கில் வலி தங்கலாம். பாக்லிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின், போர்ட்டிசோமிப் ஆகிய மருந்துகள் கைகால் நரம்புகளின் நுனியைத் தாக்குகின்றன. பாதம் மரத்திருக்கும், அதே பாதம் ஊசி குத்தியதுபோல வலிக்கவும் செய்யும். கதிர்வீச்சு பட்ட தசை பல ஆண்டுகள் கழித்துக்கூட இறுகும். மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டிய அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரைகளால் ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கு மூட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. அந்த வலி பொறுக்காமல் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. உயிரைக் காக்கும் மருந்தை வலி விரட்டிவிடுகிற இந்த இடம், வலியை வெறும் சௌகரியப் பிரச்சினையாகப் பார்க்கிறவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஓபியாய்டு இவர்கள் வாழ்வில் நுழைவது பெரும்பாலும் நியாயமான காரணத்தோடுதான். நுழைந்தது எப்போது வெளியேறுகிறது என்பதில்தான் சிக்கல். 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, குணப்படுத்தும் நோக்கில் புற்றுநோய் அறுவை செய்துகொண்ட சுமார் 68,500 பேரின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தது. அதற்கு முன் ஓபியாய்டு பழக்கமே இல்லாதவர்களில் 10.4 சதவீதம் பேர், அறுவைக் காயம் ஆறியிருக்க வேண்டிய காலம் கடந்தும் மருந்தைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓராண்டு கழித்து அவர்கள் எடுத்த அளவு, நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் ஹைட்ரோகோடோன் மாத்திரை ஆறுக்குச் சமம். அறுவைக்குப் பின் கீமோவும் பெற்றவர்களிடம் இந்த விகிதம் இன்னும் அதிகம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நோய் கண்டு ஐந்தாண்டைத் தாண்டியவர்களைப் பார்த்த ஆய்விலும், புற்றுநோய் வராதவர்களைவிட இவர்களுக்கு ஓபியாய்டு சீட்டு 1.22 மடங்கு அதிகமாக எழுதப்பட்டிருந்தது.

இதைப் படித்ததும் போதை அடிமைகள் என்ற படம் மனதில் எழுந்தால் அதை அழித்துவிட வேண்டும். 2006 முதல் 2016 வரையிலான அமெரிக்க இறப்புப் பதிவுகளின்படி, ஓபியாய்டால் நேர்ந்த மரணம் பொது மக்களிடம் ஒரு லட்சத்துக்கு 5.33-லிருந்து 8.97 ஆக உயர்ந்தது; புற்றுநோய் கண்டவர்களிடம் 0.52-லிருந்து 0.66 ஆனது. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாள்தோறும் மருந்து எடுக்கும் உடல் அதற்குப் பழகுவதும், திடீரென நிறுத்தினால் வியர்த்து நடுங்குவதும் உடலியல். விளைவு தெரிந்தும் கட்டுப்பாடின்றி மருந்தைத் தேடுவதுதான் அடிமைநிலை. இவை இரண்டுக்கும் இடையில் ஓர் அகலமான வெளி இருக்கிறது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் எடுவார்டோ புருவேரா இந்த இடைவெளியைப் பற்றித்தான் பல காலம் பேசிவந்திருக்கிறார்: பயம், துக்கம், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் சேர்த்து வலி மாத்திரையையே துணையாக்கிக்கொள்வது. இரவு இரண்டு மணிக்கு நோய் திரும்பிவிடுமோ என்று விழித்துக் கிடக்கிற ஒருவர் எடுக்கும் மாத்திரை, எந்த வலிக்கு என்று அவராலேயே சொல்ல முடியாது. பயிற்சியால் பழக்கத்தை மாற்றும் நடத்தைச் சிகிச்சைக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

ஆனால் அமெரிக்கா அந்த வேலையைத் தொடங்கும் முன் மருந்துச்சீட்டுகளை இறுக்கத் தொடங்கியது. இதற்குப் பின்னால் ஒரு விசித்திரமான போக்குவரத்து இருக்கிறது. முதலில் நம்பிக்கை ஒரு திசையில் போனது: முற்றிய புற்றுநோயில் மார்பின் பாதுகாப்பாகப் பயன்பட்ட அனுபவமும், 1980-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான, மருத்துவமனையில் மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வரே அடிமையானார்கள் என்ற ஐந்து வாக்கியக் கடிதமும் சேர்ந்து, முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் ஓபியாய்டு கொடுக்கலாம் என்ற வாதமாக வளர்ந்தன. 1996-இல் சந்தைக்கு வந்த ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை அந்த வாதத்தின் மேல் ஏறிச் சவாரி செய்தது. ஓபியாய்டு அடிமைநிலையும் மரணங்களும் பெருகிப் பேரழிவு நேர்ந்தபின் அச்சம் எதிர்த் திசையில் திரும்பி வந்தது. சி.டி.சி. எனப்படும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016-இல் வெளியிட்ட நெறிமுறை, சிகிச்சையில் இருக்கும் புற்றுநோயாளிகளுக்கும் இறுதிக்கட்டத்தில் இருப்பவர்களுக்கும் விலக்கு அளித்தது. சிகிச்சை முடிந்து கண்காணிப்பில் மட்டும் இருப்பவர்களையோ முதுகுவலிக்காரர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. காப்பீட்டு நிறுவனங்களும் மருந்துக்கடைகளும் அதைச் சட்டம்போலக் கையாண்டன. 2019-இல் சி.டி.சி. விளக்கக் கடிதம் எழுத வேண்டிவந்தது. 2022-இல் வந்த திருத்திய நெறிமுறை புற்றுநோய் சார்ந்த வலிச் சிகிச்சையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்தது. ஒரே மனிதர், ஒரே வலி. கீமோவின் கடைசி நாளுக்கு முன் ஒரு விதி, மறுநாள் இன்னொரு விதி என்று ஆறாண்டுகள் ஓடின.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பின் மார்பின் மாத்திரையை வைத்திருக்கவே மருத்துவமனைகள் பல உரிமங்களுக்கு அலைந்தன. 2014-இன் திருத்தம்தான் அதை எளிதாக்கியது. 2017-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டபடி, வலித்தணிப்பு தேவைப்படும் ஒரு நோயாளிக்கு இந்தியாவில் கிடைத்த ஓபியாய்டு ஆண்டுக்கு 43 மில்லிகிராம் மார்பினுக்குச் சமம். தேவையில் 4 சதவீதம். அமெரிக்காவில் அது 55,000 மில்லிகிராமைத் தாண்டியது. எனவே இங்கே சொல்லப்படும் எதையும், நம் ஊரில் வலியில் துடிப்பவருக்கு மார்பின் மறுப்பதற்கான சாக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் நோய் மிகுதியால் வந்தது; நம்முடையது பற்றாக்குறையால்.

மீண்டும் நடத்தைச் சிகிச்சைக்கு வருவோம். அதன் கதை சியாட்டிலில் தொடங்குகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் நிபுணர் ஜான் போனிகா 1960-களில் பல துறையினர் சேர்ந்து வலியைப் பார்க்கும் மருத்துவமனைப் பிரிவை நடத்தினார். (மருத்துவம் படிக்கும் காலத்தில் முகமூடி போட்ட தொழில்முறை மல்யுத்த வீரராக இருந்தவர், வலியைப் பற்றிப் பேச அவருக்குத் தனித் தகுதி உண்டு.) அங்கே பணியாற்றிய உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் ஒரு எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டார். ஒருவருக்குள் இருக்கும் வலியை நாம் பார்க்க முடியாது. முனகுவது, படுத்துவிடுவது, மாத்திரை கேட்பது, வேலையைத் தள்ளிப்போடுவது ஆகியவற்றைப் பார்க்க முடியும். இவை எல்லாச் செயல்களையும் போலவே, அடுத்து என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்து வளரும் அல்லது தேயும். முனகும்போது ஓடிவரும் குடும்பம், எழுந்து நடக்கும்போது கவனிக்காமல் இருந்தால், உடல் எதைக் கற்றுக்கொள்ளும்?

1976-இல் நூலாகவும் வந்த அவருடைய முறையில் மருந்து பற்றிய ஒரு நுட்பம் இன்றும் வியப்பைத் தருகிறது. வலித்தால் மாத்திரை என்ற ஏற்பாட்டை எடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து மருந்து கொடுத்தார். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் நேரம் வந்தால் மருந்து. வலிக்கும் நிவாரணத்துக்கும் இடையே இருந்த முடிச்சு அப்போது தளர்கிறது. வலியை உற்றுக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் குறைகிறது. அந்த மருந்தைச் சுவையூட்டிய பாகில் கலந்து, நோயாளிக்குச் சொல்லி ஒப்புதல் பெற்று, வாரங்கள் போகப்போக உள்ளிருக்கும் அளவை மட்டும் குறைத்தார்கள். உடற்பயிற்சியும் அப்படியே: வலிக்கும்வரை செய்வது கிடையாது, முன்கூட்டியே குறித்த எண்ணிக்கை வரை.

பின்னர் டென்னிஸ் டர்க் போன்றவர்கள் எண்ணங்களையும் இதில் சேர்த்தார்கள், சி.பி.டி. என்ற அறிதல்-நடத்தைச் சிகிச்சை வலிக்கு வந்தது அப்படித்தான். மைக்கேல் சல்லிவன் 1995-இல் உருவாக்கிய 13 கேள்விகள் கொண்ட அளவுகோல், வலியைப் பேரழிவாகக் காணும் மனப்போக்கை எண்ணாக்கியது. வலிக்குமோ என்று அஞ்சி அசையாமல் இருப்பது, அசையாததால் தசை தளர்வது, தளர்ந்த தசை இன்னும் வலிப்பது என்ற சுற்றை 2000-இல் விளாயனும் லின்டனும் மாதிரியாக்கினார்கள். நடைமுறையில் ஒரு சிகிச்சை அமர்வில் நடப்பவை பகட்டில்லாதவை. கொஞ்சம் தேவலை என்று தோன்றிய நாளில் வீட்டு வேலை மொத்தத்தையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பவருக்கு, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் பத்து பத்து நிமிடம் மட்டும் வேலை செய்யச் சொல்லித்தருவார்கள். தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, தூக்க ஒழுங்கு, வாரத்துக்கு ஒரு சின்ன இலக்கு. 1979-இல் ஜான் கபட்-சின் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி வேறு வழியில் போகிறது. எரிச்சல், இழுப்பு, குத்தல் என்று உணர்ச்சியை மட்டும் கவனிக்கவும், 'இது இனிப் போகவே போகாது' என்று மனம் அதன்மேல் கட்டும் கதையைத் தனியே பார்க்கவும் அது பழக்குகிறது.

அப்படியானால் வலி மனப்பிரமையா என்ற கோபம் நோயாளிகளிடம் வருவது இயல்பு. பல மருத்துவர்கள் அந்தத் தொனியில் பேசியும் இருக்கிறார்கள். 1965-இல் மெல்சாக், வால் இருவரும் முன்வைத்த வாயில் கோட்பாடு இதற்குப் பதில் சொல்கிறது: முதுகுத்தண்டை எட்டும் வலிச் சமிக்ஞை அப்படியே மூளைக்குப் போவதில்லை, மேலிருந்து வரும் கட்டளைகள் அதைப் பெருக்கவும் அடக்கவும் செய்கின்றன. பயமும் கவனமும் அந்தக் கட்டளைகளில் சேர்த்தி. கீமோவால் கெட்ட நரம்பு கெட்டதுதான். அது எழுப்பும் ஓசையை மூளை எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைத்தான் பயிற்சி தொடுகிறது.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் வரும்போது இந்தச் சிகிச்சையின் மையத் தூண் ஒன்று ஆட்டம் காண்கிறது. முதுகுவலிக்காரரிடம் சிகிச்சையாளர் துணிந்து சொல்கிற வாக்கியம், வலிப்பதால் கெடுதல் எதுவும் நடந்துவிடவில்லை என்பது. மீண்டவரிடம் அதை எப்படிச் சொல்வது? அவருடைய நோய் முதன்முதலில் ஒரு வலியாகவே வந்திருக்கலாம். புதிதாக இடுப்பில் எழும் வலி எலும்புக்குப் பரவியதன் அறிகுறியாகவும் இருக்கலாம், நேற்றுத் தூக்கிய தண்ணீர்க் குடத்தாலும் இருக்கலாம். லாரன் ஹீத்கோட், கிறிஸ்டோபர் எக்கில்ஸ்டன் இருவரும் 2017-இல் எழுதிய கட்டுரை இந்த முடிச்சைத் தெளிவாகக் காட்டியது: மீண்டவருக்கு ஒவ்வொரு வலியும் விடை தெரியாத கேள்வி, அந்த நிச்சயமின்மை பயத்தை வளர்க்கிறது, பயம் உடலைக் கண்காணிக்க வைக்கிறது, கண்காணிப்பு வலியைப் பெருக்குகிறது.

எனவே இவர்களுக்கான நடத்தைச் சிகிச்சை, புற்றுநோய் மருத்துவரின் அறையில்தான் தொடங்க முடியும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2016-இல் தந்த வழிகாட்டுதல் இதைச் சொல்லியிருக்கிறது: மீண்டவருக்குப் புதிதாக வலி வந்தால், நோய் திரும்பியதா, புதிய புற்றுநோயா, சிகிச்சையின் பின்விளைவா என்று பார்க்க வேண்டும், ஒவ்வொரு சந்திப்பிலும் வலியைப் பற்றிக் கேட்க வேண்டும். இன்ன மாதிரி வலி வந்தால் உடனே வாருங்கள், இன்ன வலி பழைய வலி என்று மருத்துவர் பிரித்துக் கொடுத்த பிறகுதான் உளவியலாளரின் பயிற்சிக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் 222 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான கான்கர்ஃபியர் ஆய்வு, நோய் திரும்பும் பயத்தை ஐந்து அமர்வுகளில் குறைக்க முடியும் என்று காட்டியது. அதன் பாடத்திட்டத்தில் உடலை எந்த அளவு சோதித்துக்கொள்வது சரி என்பதும் ஒரு பகுதி. வலிச் சிகிச்சையும் பயச் சிகிச்சையும் தனித்தனி அறைகளில் நடப்பது, என் பார்வையில், இந்தத் துறையின் பெரிய குறை.

பலன் எவ்வளவு? காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பு, 75 ஆய்வுகளில் 9,401 பேரைப் பார்த்துவிட்டு, நாட்பட்ட வலிக்கு சி.பி.டி.யால் கிடைப்பது சிறிய நன்மை என்று முடித்தது. சிறியது என்று கேட்டதும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 240 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், முதுகு, இடுப்பு, முழங்கால் வலிக்கு ஓராண்டு ஓபியாய்டு எடுத்தவர்கள் சாதாரண வலி மாத்திரை எடுத்தவர்களைவிட எந்த வகையிலும் மேலாக இயங்கவில்லை. நீண்ட ஓட்டத்தில் மாத்திரையின் நன்மையும் சிறியதுதான். புற்றுநோயைப் பொறுத்தவரை, டென்மார்க்கில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வலி நீடித்த 129 பெண்களிடம் நடந்த ஆய்வு நம்பிக்கை தருவது. மைண்ட்ஃபுல்னஸ் சார்ந்த குழுப் பயிற்சி பெற்றவர்களின் வலி நடுத்தர அளவு குறைந்தது. ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்தது.

மாத்திரையைக் குறைப்பதில் கிடைத்த வலுவான முடிவுகள் வேறு இடத்திலிருந்து வருகின்றன. யூட்டா பல்கலைக்கழகத்தில் எரிக் கார்லண்ட், நீண்டகால ஓபியாய்டு மூளையை அன்றாட இன்பங்களுக்கு மந்தமாக்குகிறது என்ற எண்ணத்திலிருந்து தொடங்கினார். எனவே அவருடைய எட்டு வாரப் பயிற்சி தியானத்தோடு நிற்பதில்லை. பூவையோ அந்திவானத்தையோ நிதானமாக ரசிப்பதையும் பாடமாக வைக்கிறது. வலிக்கு வாங்கிய மருந்தைத் தவறாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த 250 பேரில், ஒன்பது மாதம் கழித்து அந்தப் பழக்கம் விட்டவர்கள் இந்தப் பயிற்சியில் 45 சதவீதம், சாதாரண ஆதரவுக் குழுவில் 24.4 சதவீதம். பிரிட்டனில் 608 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஐ-வாட்ச் ஆய்வில், குழுப் பயிற்சியும் தனி ஆலோசனையும் பெற்றவர்களில் 29 சதவீதம் பேர் ஓராண்டில் ஓபியாய்டை முழுதும் நிறுத்தினார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 7 சதவீதம். வலி அன்றாட வாழ்வில் தரும் இடைஞ்சலில் மட்டும் இரு குழுவுக்கும் வேறுபாடில்லை. மருந்தை விட்டும் நிலைமை மோசமாகவில்லை என்று இதை மகிழலாம். மருந்து போனதே தவிர வாழ்க்கை விரியவில்லை என்றும் வருந்தலாம். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். மாத்திரை எண்ணிக்கை அரசுக்கும் காப்பீட்டுக்கும் வசதியான அளவுகோல். கடைத்தெருவரை நடந்து போய்வர முடிகிறதா என்பதே நோயாளியின் அளவுகோல்.

இங்கே ஒரு ஓட்டை பளிச்சென்று தெரிகிறது. மருந்துக் குறைப்பைச் சோதித்த இந்தப் பெரிய ஆய்வுகள் மீண்டவர்களுக்கென நடந்தவை அல்ல. ஐ-வாட்ச் புற்றுநோய் சாராத வலியை மட்டுமே எடுத்துக்கொண்டது. மீண்டவர்களிடம் நடந்த ஆய்வுகளோ பெரும்பாலும் வலியை அளந்தன, மருந்தை மையமாக வைக்கவில்லை. அதனால் இன்று ஒரு மருத்துவர் இந்த நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் ஆதாரத்தில் பாதி இரவல்.

வரிசை பற்றி மட்டும் ஐயத்துக்கு இடமில்லை. பயிற்சி முதலில், குறைப்பு பிறகு. 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே, ஓபியாய்டைத் திடீரென நிறுத்துவது கடும் வலி, மன உளைச்சல், தற்கொலை வரை கொண்டுபோகும் என்று எச்சரித்தது. நிலையான உயர் அளவில் இருந்த 1,13,618 பேரின் பதிவுகளைப் பார்த்த 2021-இன் ஆய்வில், அளவு குறைக்கப்பட்டவர்களிடம் மிகையளவு விபத்துகளும் மனநல நெருக்கடிகளும் அதிகம். ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் பத்து சதவீதம் அல்லது அதைவிட மெதுவாக என்பதே சி.டி.சி.யின் 2022 நெறிமுறை சொல்லும் வேகம். சிலருக்கு ப்யூப்ரெனார்ஃபின் என்ற மருந்துக்கு மாறுவது இறக்கத்தை எளிதாக்கும். சிலருக்குக் குறைக்காமல் விடுவதே சரி. வலி அடங்கி, தெளிவாக நடமாடி, வேலைக்குப் போய்வருகிற ஒருவரின் மாத்திரையை எண்ணுக்காகப் பிடுங்குவதில் எந்த மருத்துவமும் இல்லை.

பயிற்றுநர்கள் எங்கே கிடைப்பார்கள் என்பதுதான் அடுத்த தலைவலி. அமெரிக்காவிலேயே வலி உளவியல் தெரிந்தவர்கள் பெருநகர மையங்களில் குவிந்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டின் பெத் டார்னல் இரண்டு மணி நேர ஒற்றை வகுப்பு ஒன்றை உருவாக்கினார். முதுகுவலி உள்ள 263 பேரிடம் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அது எட்டு அமர்வு சி.பி.டி.க்குக் குறைந்ததாக இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் தமாரா சோமர்ஸ் குழு, மார்பகப் புற்றுநோய் கண்ட 327 பெண்களை ஒரு அமர்வு, ஐந்து அமர்வு என்று பிரித்துத் தொடங்கியது. முதல் சில வாரங்களில் ஐந்து அமர்வு பெற்றவர்களின் வலி, ஒரு அமர்வு பெற்றவர்களின் வலியைவிட ஏறக்குறைய இரு மடங்கு அதிகமாகக் குறைந்தது. பலன் போதாதவர்களுக்குக் கூடுதல் பயிற்சி தந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, எந்தப் பாதையில் தொடங்கியவர்கள் என்ற வித்தியாசம் பெரிதாக நிற்கவில்லை. ஐந்து அமர்வுக்கு ஆளில்லாத ஊரில் ஒரு அமர்வில் தொடங்கி, போதாதவர்களை மட்டும் மேலே அனுப்பலாம் என்பதற்கு இது போதுமான ஆதாரம். அந்த முதல் அமர்வைப் புற்றுநோய்ப் பிரிவின் செவிலியரே பயிற்சி பெற்று நடத்தினால், பயந்து வந்தவரின் ஸ்கேன் அறிக்கையும் அதே மேசையில் இருக்கும்.